புரட்டாசியில் ஒரு தட்டு கழுத்துக்கறி

எங்கள் நாயைத் தராசில் ஏற்றும் வேளை வந்துவிட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. தராசு என்றால் ஆஸ்பத்திரித் தராசு இல்லை. நகரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறு தறி ஓடும் ஷெட் இருக்கிறது. அங்கே நூல் மூட்டை நிறுக்கும் இரும்புப் பலகைத் தராசு அது. என் வீட்டுக்காரர் நாயைத் தூக்கி அதில் உட்கார வைப்பார். சிவப்பு எண்கள் குதித்துக் குதித்து ஓரிடத்தில் நிற்கும் வரை நான் மூச்சு விடமாட்டேன். நூறு கிராம் கூடியிருந்தால் கத்துவேன். ஆறு தறியின் சத்தத்தையும் மீறிக் கத்துவேன். "டீச்சருக்கு இன்னா ஆச்சு?" என்று பக்கத்து ஷெட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

டீச்சர் நான்தான். புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று எனக்குப் பள்ளிக்கூடத்திலும் பேர், வீட்டிலும் பேர். ஆறு வருஷத்துக்கு முன்னால், தறி ஷெட்டுக் கரண்டு விஷயமாகச் சித்தூர் போன மனிதர் ரயிலில் திரும்பும்போது பாகாலாவில் டீ குடிக்க இறங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது சட்டைக்குள்ளே ஒரு குட்டி. "ரயில்ல ஏறிக்கினா. நான் இன்னா பண்றது?" என்றார். என் உள்ளங்கை அளவு கூட இல்லாத குட்டி ரயில் படி ஏறியதாம்! இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் அது என் புடவைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு தூங்கியது. அதற்குமேல் கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது? அவர் அவளைப் பாப்பா என்பார். நான் ஏய் என்பேன். இரண்டுக்கும் வருவாள்.

போன ஆடிக் கடைசியில் அவளைக் குளிப்பாட்டும்போது அடிவயிற்றில், கடைசிக் காம்புக்குப் பக்கத்தில், என் விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவுதான். பூச்சி கடித்திருக்கும் என்று மஞ்சள் தடவினேன். இருபது நாளில் அது எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது. அதற்குள் அவள் சாப்பாட்டையும் குறைத்துவிட்டாள். விலா எலும்பை எண்ணலாம் போல் இருந்தது. துணி பேல் ஏற்றும் குட்டி யானை வண்டியில் அவளை ஏற்றி, நானும் பின்னால் உட்கார்ந்து, திருப்பதிக்குக் கொண்டுபோனோம்.

மாட்டாஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். தெலுங்குக்காரர், எங்களுக்காகத் தமிழ் கலந்து பேசினார். "கட்டிய எடுத்தே தீரணும்மா. ஆனா இந்த ஒடம்புக்கு மயக்க மருந்து குடுக்க எனக்கு தைரியம் லேது. பன்னெண்டு கேஜி கூட இல்ல, ரத்தமும் கம்மி. பதினாலு கேஜி ஆக்கி தீஸ்கினி ரண்டி, கொண்டு வாங்க. அதுக்குன்னு ஒன்றர மாசத்துக்கு மேல லேட்டும் பண்ணாதீங்க, கட்டி நிக்காது."

அதாவது, ஒன்றரை மாசத்துக்குள் இரண்டு கிலோ ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் கத்தி வைக்க முடியாது, கத்தி வைக்காவிட்டால் அவள் இல்லை. கணக்கு டீச்சருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியதில்லை.

சாப்பாட்டுக்கு டாக்டரம்மாவே வழியும் சொன்னார். ரசம் சோறு போதாது. ஒரு தட்டில் பாதி நாய் பிஸ்கட்டு, பாதி பச்சைக் கோழி. கழுத்து, கொஞ்சம் ஈரல், கந்தனக்காய் என்று எங்கள் பக்கம் சொல்லும் கோழி இரைப்பை. சில டாக்டர்கள் பச்சைக்கறியே வேண்டாம் என்பார்களாம். அன்றைக்கு வெட்டியதை அன்றைக்கே வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, தட்டையும் கையையும் வெந்நீரில் கழுவ முடியும் என்றால் மட்டும் கொடுக்கச் சொன்னார். வேகவைத்த எலும்பு மட்டும் கூடவே கூடாது. வெந்த எலும்பு ஊசியாய் உடைந்து குடலில் குத்தும், பச்சைக் கழுத்தெலும்பு பல்லுக்கு அடங்கும் என்றார். இத்தனை வருஷமாகக் குழம்பு எலும்பை அன்போடு போட்டு வளர்த்தவள் நான்.

பிஸ்கட்டு என்பது உருண்டை உருண்டையாக, பழுப்பு நிறத்தில், மொறுமொறுவென்று இருக்கும். ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் பெரிய மூட்டையிலிருந்து அள்ளி வெள்ளைக் கவரில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். லேசாகக் கருவாட்டு வாசனை அடித்தது. "மருந்து போட்டுக்கீறாங்க போல" என்றார் இவர். இரண்டு பட்டம் வாங்கிய நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். இதை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

முதல் நாள் தட்டு கலந்தது எனக்கு இன்னும் கையில் இருக்கிறது. கறி தின்கிறவள்தான் நான், ஆனாலும் பச்சைக் கழுத்தைக் கையால் பிசைவது வேறு விஷயம். முகத்தைத் திருப்பிக்கொண்டு பிஸ்கட்டோடு கலந்து வைத்தேன். ஏய் வந்தாள், மோந்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று ஒரு பார்வை! அப்புறம் ஒரே சத்தம்தான். கடக், மொறுக், கடக், மொறுக். தட்டை நக்கி நக்கிக் கதவு வரை தள்ளிக்கொண்டு போய்விட்டாள். நான் கை தட்டினேன், அவர் தறியை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

பதினொன்று எண்ணூறு, பன்னிரண்டு நூறு, பன்னிரண்டு அறுநூறு என்று தராசு ஏறியது. கடைத்தெருவில் கோழிக்கடை வைத்திருக்கும் அக்கா, கழுத்தையும் கந்தனக்காயையும் தனியே எடுத்து "டீச்சரம்மா பாகம்" என்று ஒரு கவரில் கட்டி வைப்பாள். பதினாறாம் நாள் பன்னிரண்டு தொள்ளாயிரம். இன்னும் ஒரு கிலோ நூறு கிராம்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சதவீதம் நடத்தும்போது நாய் எடையையே கணக்காகப் போட்டேன்.

அப்போது புரட்டாசி வந்தது.

எங்கள் வீட்டுப் புரட்டாசி லேசுப்பட்டதில்லை. முதல் நாளே வீடு முழுக்கக் கழுவி, கறிச்சட்டிகளையெல்லாம் சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிடுவோம். மாசம் முழுக்க முட்டை கூடக் கிடையாது. தெருவே அப்படித்தான், கருவாட்டு வாசனை வந்தால் யார் வீடு என்று தேடுவார்கள். ஏயின் கவர் மட்டும் ஐஸ் பெட்டியில் இருக்கலாம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். சாயந்திரம் புத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து திறந்தால், பெட்டி மஞ்சள் தண்ணீர் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருக்கிறது. கவர் இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! "பாப்பா சாவணுமா மாமா? சொல்லு, சாவணுமா?" என்று ஷெட்டுக்கே போய்க் கேட்டேன். அவர் தறியை நிறுத்தினார்.

"பாப்பாவுக்காகத்தான்மே வேண்டிக்கினேன்," என்றார். "இந்த வருசம் ஒரு குத்தம் கொற இல்லாம மாசம் பூரா இருக்கேன், அவள பொழைக்க வெச்சுடு சாமின்னு. நாமத்த போட்டுக்கினு, கறிய ஊட்ல வெச்சுக்கினு, எந்த வாயால அவன்கிட்ட கேக்கறது?"

"கேட்டுக்கு வெளிய வெச்சு போடறேன்" என்று பார்த்தேன். "துன்னுட்டு வாய நக்கிக்கினு எங்க வருவா? சாமி ரூமு வாசல்ல தானே வந்து படுப்பா?" என்றார். அதுவும் உண்மைதான். அங்கேதான் தரை குளிர்ச்சி. கடைசியில் ஒரு மாசம் பிஸ்கட்டும் தயிர் சோறும் என்று முடிவாயிற்று. பிஸ்கட்டு சைவம்தானே என்றார். சைவம்தான் என்றேன்.

ஏய் அந்தத் தட்டைத் தொடவில்லை. ருசி கண்ட பூனை என்பார்கள், நாயும் அப்படித்தான். மோந்துவிட்டு என் கையை மோந்தாள், பிறகு ஐஸ் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

அவர் மட்டும் சும்மா இருந்தாரா? தினமும் விடிகாலையில் குளித்து, பட்டையாக நாமம் போட்டு, அவள் எதிரே சப்பணம் கட்டி உட்காருவார். ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தன் வாயில் போட்டு மொறுக் மொறுக்கென்று மெல்லுவார். "பாரு பாப்பா, நைனாவே துன்றேன். நல்லா கீது, பாரு." அவளுக்கு அவர் நைனா. அப்பன் முகத்துக்காக அவள் நாலு உருண்டை தின்பாள், அதோடு சரி. முதல் சனிக்கிழமை மாவிளக்கு ஏற்றினபோது, பிஸ்கட்டு டப்பாவையும் கொண்டுபோய்ப் பெருமாள் படத்துக்குக் கீழே வைத்தார். பாப்பா பங்குக்கும் கற்பூரம் காட்டினார். அன்று முதல் டப்பா சாமி அலமாரியிலேயே இருந்தது. குளிக்காமல் அதைத் தொடக்கூடாது என்று எனக்கு உத்தரவு வேறு.

தராசு இறங்கியது. பன்னிரண்டு எழுநூறு. பன்னிரண்டு நானூறு. கட்டி மட்டும் ஏறியது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால், "கொறையக் கூடாதும்மா, கொறையவே கூடாது" என்கிறார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு போவேன். வீட்டுக்கு வந்தால் அழுகை கோபமாக மாறிவிடும். ஒரு நாள், "உனுக்கு நாமந்தான் பெருசு, பாப்பா பெருசு இல்ல" என்று சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாத பேச்சு அது. அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை.

அந்த வாரம் பிஸ்கட்டு தீர்ந்துபோனது. திருப்பதி போக நேரமில்லாமல் வெள்ளிக்கிழமை சாயந்திரம் புத்தூரிலேயே ஒரு கடையில் கேட்டேன். உதிரியாக இல்லை, ஒட்டின பை ஒன்றுதான் இருந்தது. வாங்கி வந்தேன். மறுநாள் காலையில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பையின் முன்பக்கம் கேரட் படம், பச்சைப் பட்டாணி படம், ஓடுகிற நாய். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன்.

முதல் பொருள், கோழிக்கறித் தூள். இரண்டாவது, கோழி ஈரல். மூன்றாவது, கோழிக் கொழுப்பு. அரிசியும் சோளமும் அதற்குப் பின்னால்தான் வந்தன.

திருப்பதிக் கடைக்குப் போன் போட்டேன். நீங்கள் உதிரியாகக் கொடுத்தது சைவம்தானே என்றேன். கடைக்காரர் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "நாய்க்கு கறி இல்லாம எவருமா செய்வாங்க? அந்தா சிக்கனே, எல்லாமே கோழி!"

எனக்கு வந்த குஷியைச் சொல்ல வார்த்தை இல்லை. வெற்றி! பையைத் தூக்கிக்கொண்டு சாமி ரூமுக்கு ஓடினேன். இரண்டாவது சனிக்கிழமை. பத்து நாளாக ஒழுங்காய்ச் சாப்பிடாத நாய் வாசலில் படுத்திருக்கிறது, அவர் பாப்பா தட்டுக்குக் கற்பூரம் ஏற்றப் போகிறார். வாசலில் நின்று ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தேன். சொல்லிக் காட்டுவதற்கு ஆறேழு குத்தல் பேச்சு தயாராக வைத்திருந்தேன்.

அவர் கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது. நான் தயார் செய்தது ஒன்றும் வெளியே வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, நான் ஏதோ கோயில் ஐயர் போல, என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்போ என் வேண்டுதலு போச்சா மே? பாப்பா போய்டுவாளா?"

அந்தக் கண்களில் இருந்த பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தாலும் கோபமாகத்தானே வரும்.

"பத்து நாளா கோழிய அவன் கண்ணு எதுரிலேயே துன்னுக்கினு கீற. கற்பூரம் வேற காட்டிக்கினு கீற. சாமி வந்து கண்ண குத்திடுச்சா?" என்றேன். "பாப்பாவ இன்னிக்கி வரைக்கும் நம்ம கையிலதான வுட்டு வெச்சுக்கீது? அது கேட்டது உன் மனச. கந்தனக்காய எண்ணிக்கினு ஒக்காந்துக்கினு இருக்குமா?"

அவர் படத்தைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். கற்பூரத்தைக் கொளுத்தாமலே தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். வேட்டி, துண்டு, நெற்றி நிறைய நாமம். அப்படியே வண்டிச் சாவியை எடுத்தார். நான் ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை கோழிக்கடை எப்படி இருக்கும்? கூண்டில் ரெண்டு கோழி, அக்கா ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். நாமத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். "ஐயோ அண்ணா! சனிக்கெழமையும் அதுவுமா! வழி மாறி வந்துட்டியா?"

"கழுத்து, ஈரலு, கந்தனக்காயி," என்றார் இவர். பக்கத்துப் பூக்கடை வரை கேட்கும்படி சொன்னார். "பாப்பாவுக்கு. டெய்லியும் வருவேன், எட்து வை."

கடைத்தெருவே பார்த்தது. பார்க்கட்டும். கூட்டத்தில் கொட்டு மேளம் அடித்து அழைத்துப் போனது போல் எனக்கு அவ்வளவு பெருமை. அக்கா கத்தியை இன்னொரு தரம் கழுவிவிட்டு வெட்டினாள். வரும் வழியெல்லாம் கவர் என் கையில், கோவிந்தா கோவிந்தா அவர் வாயில். அன்றிலிருந்து கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் தட்டு வைத்தோம். அவள் தின்று முடித்ததும் அவரே ஈரத்துணியால் அவள் வாயைத் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து உள்ளே விடுவார். பெருமாளுக்கும் மரியாதை, பாப்பாவுக்கும் வயிறு.

பன்னிரண்டு எண்ணூறு. பதிமூன்று முந்நூறு. பதிமூன்று எழுநூறு. தறி ஓட்டுகிறவர்களே, "இன்னிக்கி எவ்ளோ டீச்சர்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் காலை சிவப்பு எண் பதிமூன்று தொள்ளாயிரத்துக்கும் பதினாலுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருந்தது. "ஏய், ஆடாத! ஆடாத!" என்று நான்தான் ஆடினேன். நின்றது. பதினாலு ஐம்பது. நான் போட்ட சத்தத்தில் ஆறு தறியும் நின்றன. அவர் அவளைத் தராசோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

புரட்டாசி முடிய இன்னும் சில நாள் இருக்கும்போதே ஆபரேஷன் ஆனது. எலுமிச்சையைக் காட்டிலும் பெரிதாக வளர்ந்திருந்த கட்டியை முழுசாக எடுத்துவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். "இன்கா ஒண்ணுதாம்மா பாக்கி. அவளா வாய் வெச்சு சாப்பிடணும். சாப்பிட்டா பொழச்சா. தையல் ஆறுற வரைக்கும் பச்சைக்கறி கூடாது, பிஸ்கட்டு மட்டும்."

பிஸ்கட்டு மட்டும்! அவள் தொடாத தட்டே அதுதானே.

மறுநாள் காலையில் போனோம். கூண்டுக்குள் அவள் சுருண்டு கிடந்தாள், வயிற்றில் கட்டு. ராத்திரி வைத்த தட்டு அப்படியே இருந்தது. நான் கூப்பிட்டேன், வால் நுனி மட்டும் அசைந்தது. உருண்டையை மூக்கருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் திருப்பிக்கொண்டாள். நான் அவரைப் பார்த்தேன்.

அன்றைக்கும் சனிக்கிழமை. விடியுமுன்னே குளித்துப் போட்ட நாமம் நெற்றியில் கலையாமல் இருந்தது. அவர் என் கையிலிருந்து பிஸ்கட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று இப்போது அவருக்குத் தெரியும். ஜன்னலில் திருமலை தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு தரையில் சப்பணம் கட்டி உட்கார்ந்து அதை வாயில் போட்டு, அவளுக்குக் கேட்கும்படி மொறுக் மொறுக்கென்று மென்றார்.

"பாரு பாப்பா. நைனாவே துன்றேன்."

அவள் தலையைத் தூக்கினாள். கம்பி வழியாக மூக்கை நீட்டி அவர் வாயை மோந்தாள். அவர் அடுத்த உருண்டையை நீட்டினார். எடுத்துக்கொண்டாள். மென்றாள், விழுங்கினாள், இன்னொன்றுக்கு வாயைத் திறந்தாள். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். பதினேழு வரைக்கும் எண்ணியது ஞாபகம் இருக்கிறது.